கோழிக்கு நகரம் எது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால், நீலகிரியில் நூற்றுக்கு 59 பேர் நகரவாசிகள் என்று இருக்கும். தமிழகத்தின் சராசரியே 48தான். பாதிக்கு மேல் காடு, மீதியில் பெரும்பகுதி தேயிலை என்று கிடக்கும் மாவட்டத்துக்கு இந்த எண் எப்படி வந்தது? ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் என அப்போது நான்கு நகராட்சிகள். கோத்தகிரி, கேத்தி, அதிகரட்டி, ஓவேலி, தேவர்சோலை என்று 11 பேரூராட்சிகள். எல்லைக்கோட்டை அகலமாக இழுத்துவிட்டதால் தேயிலைத் தோட்டம், ஹட்டி எனப்படும் படுகர் ஊர், காட்டோரக் குடியிருப்பு எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஓவேலியை நேரில் பார்த்த எவரும் அதை நகரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நகரத்துக்கு என்று எழுதப்பட்ட விதி அங்கேயும் செல்லும். கொல்லையில் நாலு கோழி வளர்ப்பது பற்றிய விதிகள் இந்த மலைக்கு ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி.

ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஊட்டியும், அதற்குக் கீழே வளர்ந்த குன்னூரும் 1866-இல் நகராட்சிகள் ஆயின. அதற்கு வழிசெய்த சென்னை மாகாணச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டில்தான் வந்திருந்தது. பிறகு 1884-இல் ஒரு நகராட்சிச் சட்டம், 1920-இல் இன்னொன்று. 1920 சட்டத்தின் 249-ஆம் பிரிவு, நாற்றம், நோய், தீ ஆகியவற்றுக்கு இடம்தரும் தொழில்களை உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களும் திறந்த சாக்கடையும் கொண்ட சமவெளி நகரத்துக்கு இது நியாயமான விதி. 1997-இல், நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதை உரிமத்தின் கீழ் கொண்டுவரத் தனிச் சட்டமே வந்தது. 1920 சட்டத்தின் இடத்தில், 1998-இல் இயற்றிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒன்றரை நூற்றாண்டாக ஏடு மாறியது. நகரம் என்றால் நெரிசல் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

உண்மையான நெரிசலைப் பார்க்க வேண்டுமானால் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் போக வேண்டும். ஒரே கூரை, ஒரே வாசல் நடை, பக்கத்து வீட்டு இருமல் கேட்கும் சுவர். வீடு கட்டித் தரும் பொறுப்பை 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆகவே அங்கே கோழி வளர்க்கலாமா, கூடாதா என்பதை நகராட்சி அதிகாரியைவிட நிர்வாகம் தீர்மானித்ததே அதிகம். 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, அதுவே பின்னாளில் டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. அந்தக் குடியிருப்புகளிலும் கோழி உண்டு. பின்சுவரை ஒட்டிப் பழைய பலகையில் ஒரு கூடு, முகப்பில் கம்பி வலை, மேலே சாரலுக்குச் சாக்கு. பகலில் குஞ்சுகளை மூடிவைக்க ஒரு பஞ்சாரம். பச்சைக்கொழுந்து குறைந்து கூலி இறங்கும் மாதங்களில் நாட்டுமுட்டை விற்ற காசு கைச்செலவுக்கு ஆகும். பிள்ளைகளுக்கு முட்டை, மாரியம்மன் பண்டிகைக்குச் சேவல் என்று அதற்கு வேறு கணக்குகளும் உண்டு. கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நாட்டுக்கோழி கொடுக்க அரசே திட்டம் போட்டது. நெல்லியாளத்துத் தோட்டப் பெண்ணோ ஏட்டளவில் நகரவாசி.

அப்படியானால் விதியே வேண்டாமா? வேண்டும், சமவெளியைவிட இங்கே கூடுதலாகவே வேண்டும். கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்; குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவம். கூட்டுத் தரை நனைந்தால் எச்சம் காயாது. அம்மோனியா நெடி ஏறும், ரத்தக் கழிச்சல் வரும், சரிவில் வழியும் நீர் கீழ்வீட்டு வாசலுக்கோ ஓடைக்கோ போகும். நனைந்த தரையில் ஐந்து கோழி செய்யும் கேட்டை, உலர்ந்த தரையில் இருபது கோழி செய்யாது. எண்ணிக்கையையும் எல்லைக்கோட்டையும் அளக்கும் விதி இதைப் பிடிக்காது. தரை உயரம், கூரை, அடுத்த வீட்டுக்கு உள்ள தூரம், எச்சம் போகும் இடம் ஆகியவற்றை அளக்கும் விதியே பிடிக்கும்.

கோழி இருந்தால் சிறுத்தை வரும், கரடி வரும் என்பது இங்கே அடிக்கடி எழும் மறுப்பு. அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆனால் இரவில் நன்றாக அடைத்த கூட்டைவிட, இறைச்சிக் கடைக் கழிவைச் சாலையோரச் சரிவில் கொட்டுவதுதான் பெரிய அழைப்பு. அதற்கு நாய் கூடும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இரவில் கூட்டைப் பூட்டுவதைக் கட்டாயமாக்கலாம். அதே கண்டிப்பு கடைக்காரர் மேலும் விழ வேண்டும். சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்பார்கள். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும். நியூயார்க் நகரம் பெட்டைக்கோழியை அனுமதித்துச் சேவலைத் தடுத்திருக்கிறது. சுவர் ஒட்டிய வீடுகளுக்கு இந்த விதி போதும்.

பறவைக் காய்ச்சல்தான் கனமான மறுப்பு. 2020 மார்ச்சில், எல்லையோர நாடுகாணிக்கு அந்தப் பக்கம் உள்ள கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்திலேயே அது உறுதியானது. அதுபோன்ற நேரத்தில் எந்த வீட்டில் எத்தனை கோழி என்ற பட்டியல் கால்நடைத் துறையின் கையில் இருக்க வேண்டும். கட்டணம், விண்ணப்பம், அலைச்சல் என்று மிரட்டும் உரிமத்தை நாலு கோழி வளர்ப்பவர் வாங்கவே மாட்டார், பட்டியலும் கிடைக்காது. கோயிலில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கதி நினைவிருக்கும். அரை நூற்றாண்டு தூங்கியதை 2003-இல் தட்டி எழுப்பினார்கள். மறு ஆண்டே நீக்கிவிட்டார்கள். மக்கள் வழக்கத்தோடு பேசாத சட்டம் ஒன்று தூங்கும், இல்லையேல் அடிக்கும். மாறாக, வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போடவரும் நாளிலேயே இலவசமாகப் பெயரைப் பதிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிறு கூட்டத்தை விட்டுவிடலாம் என்பதற்கு முன்மாதிரியும் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பண்ணைகளுக்கு இசைவு கேட்பது 5,000 பறவைகளிலிருந்துதான். கொல்லைக் கோழிக்கான விதியை அந்தந்த உள்ளாட்சி மன்றமே தன் நிலத்தைப் பார்த்து எழுதட்டும். ஊட்டி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளுக்கு ஒன்று, தோட்டங்கள் சூழ்ந்த வார்டுகளுக்கு வேறொன்று என்று பிரித்து எழுதத் தொடங்க நெல்லியாளமே பொருத்தமான இடம்.