அலுமினியச் சைக்கிள் ஃப்ரேம்களுக்குப் பவுடர் கோட்டிங்

பவுடர் கோட்டிங் என்பது, கரைப்பான் கலவாத வர்ணத்தூளுக்கு மின்னூட்டம் அளித்து, எர்த் செய்த உலோகத்தின்மீது படியவிட்டு, ஓவனில் உருக்கி இறுகச்செய்யும் பூச்சுமுறையாகும். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவப்பெற்ற காலந்தொட்டுச் சைக்கிள் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னையில், அதிலும் உப்பும் ஈரமும் தோய்ந்த காற்று வீசும் வியாசர்பாடி போன்ற வடபகுதிகளில், உலோகத்தை அரிப்பினின்று காக்க இம்முறை மிகவும் ஏற்றது. ஆயினும் இரும்புக்குப் பொருந்தும் பட்டறை வழக்கங்கள் அலுமினியத்துக்கு அபாயமாகும்.

உஷ்ண எல்லை: 6061-டி6 என்னும் அலுமினியக் கலவையின் பலம், அதனை ஏறக்குறைய 160 முதல் 175 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பதப்படுத்துவதால் உண்டாவது. சாதாரணத் தூள்கள் 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 20 நிமிஷத்தில் இறுகும். ஒருமுறை இவ்வளவு சூடு பெறுவதால் பெருங்கேடில்லை என்றாலும், சூடு மிகுந்தாலும் நேரம் நீண்டாலும் பலம் குன்றும். கண்ணுக்குப் புலப்படாத இக்குறையைப் பளபளக்கும் பூச்சு மறைத்துவிடும். ஆதலால் ஓவன் காற்றின் உஷ்ணத்தை மட்டும் நம்பாமல், மெல்லிய குழாயிலும் பெடல் அச்சைத் தாங்கும் தடித்த பாட்டம் பிராக்கெட் கூட்டிலும் தெர்மோகப்பிள் பொருத்தி, உலோகத்தின் உஷ்ணத்தையே அளத்தல் வேண்டும். குறைந்த சூட்டில் இறுகும் தூள் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. பசையால் இணைத்த ஃப்ரேம்களையும் கார்பன் பாகங்களையும் ஓவனில் வைத்தலாகாது.

ஆயத்தம்: பழைய பெயின்ட்டை எரித்து நீக்கும் சூளை இரும்புக்கு உரியது, அலுமினியத்தின் பலத்தை அது அழித்துவிடும். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும். மென்மையான பிளாஸ்டிக் துகள்களைக் குறைந்த அழுத்தத்தில் வீசிச் சுரண்டுவதே உசிதம். பின் எண்ணெய்ப் பசை நீக்கி, இரசாயன முன்பூச்சிட்டு, நன்கு உலர்த்தி, மரைகளையும் பேரிங் அமரும் இடங்களையும் சிலிகோன் அடைப்பான்களால் மூடவேண்டும். வெயிலில் எபாக்சி வெளிறுமாதலால், மேற்பூச்சுக்குப் பாலியெஸ்டர் தூள் தக்கது. 60 முதல் 80 மைக்ரான் கனம் போதுமானது.

தொழிலாளர் பாதுகாப்பு: காற்றில் மிதக்கும் தூள் ஒரு தீப்பொறியால் வெடிக்கக்கூடியது. எனவேதான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, வெடிக்கும் தூசு குறித்துத் தனி விதிகளை வகுத்தது. ஃப்ரேமைத் தொங்கவிடும் கொக்கியில் படிந்த பழைய பூச்சைச் சுரண்டாவிடில் எர்த் தொடர்பு அறுந்து, பொறி தோன்ற ஏதுவாகும். ஆற்றுமணலை வீசிச் சுரண்டுவது சிலிக்கா தூசியால் நுரையீரலைக் கெடுக்கும். குரோமியம் கலந்த முன்பூச்சுகளில் சில புற்றுநோய் விளைப்பன. முகக்கவசமும் கையுறையும் அணிவதோடு, தூளை உறிஞ்சும் விசிறி நின்ற கணமே ஸ்பிரே கன்னும் நின்றுவிடும்படி மின்னிணைப்பை அமைப்பது பட்டறை உரிமையாளரின் தலையாய கடமையாகும்.