ஜூபிலி: மீனுக்கு மூச்சுத் திணறல், ஊருக்கு விருந்து

அர்த்த ராத்திரியில போன் வந்தா யாருக்குத்தான் எரிச்சல் வராது? அமெரிக்காவுல, அலபாமா மாநிலத்து மொபைல் விரிகுடாவின் கிழக்குக் கரையில மட்டும் ஜனங்க சந்தோஷமா வாளியைத் தூக்கிட்டு ஓடுவாங்க. (செல்போன் இல்லீங்க, ஊர் பேரே மொபைல்!) கரையோரம் நண்டு, இறால், தட்டைமீன், விலாங்குன்னு குவிஞ்சு கிடக்கும். கையாலயே அள்ளலாம். 1860-களிலேயே பதிவான இந்தச் சங்கதிக்கு ஊர் வச்ச பேர் 'ஜூபிலி'.

மேட்டர் இதுதான். ஆத்துத் தண்ணி லேசு, கடல் தண்ணி கனம். கோடையில காத்து அடங்கினா ரெண்டும் கலக்காம அடுக்கா நின்னுடும். அடியில படிஞ்ச இலைதழையை பாக்டீரியா தின்னும்போது அங்கிருக்கிற ஆக்சிஜனும் காலி. மேலடுக்கிலிருந்து புதுசா இறங்க வழியில்லை. அப்புறம் கிழக்கேயிருந்து வர்ற மெல்லிய காத்து மேல்தண்ணியைக் கரையை விட்டுத் தள்ளும். ஏறுற ஓதம் அடித்தண்ணியைக் கரைக்குக் கொண்டுவரும். அதுக்குத் தப்பி ஓடிவர்ற ஜீவன்கள் கரையில மாட்டிக்கும்.

1960-ல ஹெரால்ட் லோஷ் இதை ஆராய்ஞ்சு எழுதினார். விரிகுடாவுல ஆக்சிஜன் குறைவு எவ்வளவு பரவலா இருக்குன்னு 1973-ல எட்வின் மே காட்டினார். கரைவாசிகளோ காத்தையும் ஓதத்தையும் பாத்தே கணக்குப் போட்டுக் காத்திருப்பாங்க.

ஆக்சிஜன் குறைஞ்சாலே உரம், சாக்கடைன்னு முடிவு கட்டிடறோம். அவை நிலைமையை மோசமாக்கும்ங்கறது நிஜம். ஆனா ஃபேக்டரியில செஞ்ச நைட்ரஜன் உரம் வயலுக்கு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஜூபிலி இருந்தது. பழைய பதிவைப் பாக்காம பழி போட்டா, எது இயற்கை, எது நம்ம கைவரிசைன்னு பிரிக்கவே முடியாது.

பேர் வச்சது மனுஷன். மீனைக் கேட்டிருந்தா வேற பேர் சொல்லியிருக்கும்!