நினைவியும் தனியுரிமையும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இணையதளங்கள் தம்மிடம் வருவோரை எவ்வாறு நினைவில் வைக்கின்றன, அந்நினைவு எப்போது தனியுரிமைக்கு ஊறாகிறது, அவ்வூறுக்குப் பொறுப்பாளி யார் என்னும் மூன்றும் இக்கட்டுரையின் பொருள். ஆய்வுக்களமாகத் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தைக் கொண்டுள்ளோம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில் நம் பொருளின் இரு முனைகளையும் அருகருகே காணலாம். ஒரு முனை, சாரல் பருவத்தில் இணைய முன்பதிவை நம்பியிருக்கும் விடுதித் தொழில். மறுமுனை மத்தளம்பாறை என்னும் சிற்றூர். அங்கு அலுவலகம் கொண்டுள்ள ஜோஹோ மென்பொருள் நிறுவனம், தன் இணையதளங்களில் பிற நிறுவனங்களின் பின்தொடர் நிரல்களுக்கு இடமில்லை என்று அறிவித்த ஒன்று.

2. வரையறையும் தோற்றமும்

உலாவியில் ஓர் இணையதளம் எழுதிவைத்து, அதே தளத்துக்கு உலாவி அனுப்பும் அடுத்த வேண்டுகோளோடு திரும்பப் பெறும் சிறு எழுத்துத் துணுக்கை நினைவி என்கிறோம். வழக்கில் இது குக்கி எனப்படும். நினைவி நிரலன்று; தானாக எதையும் செய்யாது. ஒரு பெயர், ஒரு மதிப்பு, காலாவதி நாள், எத்தளத்துக்கு உரியது என்னும் குறிப்பு ஆகியவையே அதன் உறுப்புகள். ஒரு நினைவிக்கு 4,096 பைட்டு அளவாவது உலாவி இடந்தர வேண்டும் என்று நெறிமுறை கூறுகிறது. பெரும்பாலான நினைவிகளுக்கு அதில் சிறு பகுதியே தேவைப்படும்.

இதற்குத் தேவை எழுந்த காரணம் வலையின் அமைப்பிலேயே உள்ளது. எச்.டி.டி.பி. நெறிமுறையில் ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்தது. முன் வந்தவரே மீண்டும் வந்தார் என்பதை வழங்கி அறியாது. பொதிகை விரைவு ரயிலில் தென்காசிக்குச் சீட்டு எடுப்பவர் ஒரு பக்கத்தில் நாளைத் தேர்ந்து, மறுபக்கத்தில் பெயரை இட்டு, மூன்றாம் பக்கத்தில் பணம் செலுத்துகிறார். இம்மூன்றும் ஒருவர் செயலே என்று இணைக்கும் கயிறு வேண்டும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி இணைய வணிகத்துக்காக அமைத்த நினைவி அக்கயிறாயிற்று.

அவர் தவிர்த்த வழி நம் ஆய்வுக்கு முதன்மையானது. ஒவ்வோர் உலாவிக்கும் நிலையான ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அதை எல்லாத் தளங்களுக்கும் காட்டச் செய்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஒருவரைத் தளத்துக்குத் தளம் தொடர இயலும் என்பதாலேயே, எழுதிய தளத்துக்கு மட்டுமே திரும்பும் துணுக்காக நினைவியை அவர் வகுத்தார். ஆகவே தனியுரிமைக் கவலை பின்னாளில் வந்து ஒட்டியதன்று, கருவிலேயே இருந்தது.

3. வகைப்பாடு

நினைவிகளை வாழ்நாள் பற்றியும் உடைமை பற்றியும் பகுக்கலாம். வாழ்நாளால் அவை இரண்டு: உலாவியை மூடியதும் அழியும் அமர்வு நினைவி, குறித்த நாள்வரை தங்கும் நிலைநினைவி. இப்பகுப்பு நம் கேள்விக்குச் சிறிதே உதவும்.

உடைமை பற்றிய பகுப்பே கருத்துக்குரியது. முகவரிப் பட்டையில் நாம் காணும் தளமே எழுதுவது தன்தள நினைவி. அப்பக்கத்துக்குள் படமாகவோ நிரலாகவோ பொதிந்துள்ள வேறொரு தளம் எழுதுவது அயல்தள நினைவி. நுழைவுநிலையைக் காத்தல், தேர்ந்த மொழியை நினைத்தல், வண்டிக்கூடையில் இட்டவற்றைத் தாங்குதல் போன்ற பயனுள்ள பணிகள் பெரும்பாலும் முன்னதற்கு உரியன.

எனினும், தன்தள நினைவு என்றாலே தீங்கற்றது என்று கொள்ளலாகாது. 2022 ஆகஸ்டில் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் தன்னிடமுள்ள பயணியர் தரவைக் கொண்டு வருவாய் ஈட்ட ஆலோசகரைத் தேடி ஒப்பந்தப்புள்ளி கோரிற்று. எதிர்ப்பு எழுந்தபின் அதே மாதம் திரும்பப் பெற்றது. அத்தரவு நினைவியால் திரட்டப்பட்டதன்று. ஆயினும், நேர்மையான காரணத்துக்காக ஓரிடத்தில் சேர்ந்த நினைவு பிறிதொரு நோக்கத்துக்குத் திரும்பக்கூடும் என்பதற்கு அது சான்று.

4. பின்தொடர்வு நிகழும் படிகள்

எழுதிய தளத்துக்கு மட்டுமே நினைவி திரும்பும் என்றால், ஒருவரைப் பல தளங்களில் தொடர்வது எவ்வாறு இயலும்? குற்றாலத்தில் அறை தேடும் ஒருவரைக் கொண்டு படிப்படியாக விளக்குவோம்.

முதற்படி பொதிவு. விடுதியின் தளத்தை அமைத்தவர், வருகையாளரை எண்ணவும் விளம்பரத்தின் பயனை அளக்கவும் ஒரு விளம்பர நிறுவனம் இலவசமாகத் தரும் சில வரி நிரலைப் பக்கத்தில் ஒட்டுகிறார். விடுதி உரிமையாளருக்கு இது தெரியாமலும் இருக்கலாம்.

இரண்டாம் படி குறியிடல். பக்கம் திறந்ததும் உலாவி அந்நிரலைப் பெற விளம்பர நிறுவனத்தின் வழங்கிக்கும் ஒரு வேண்டுகோள் அனுப்புகிறது. வழங்கி ஓர் எண்ணை நினைவியாக எழுதித் தருகிறது. தென்காசிக் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பெறும் எண் வில்லையைப் போன்றது அது. வில்லையில் எண் தவிர ஏதுமில்லை. எண்ணுக்குரிய பொருள் முழுதும் கொடுத்தவரிடம் இருக்கிறது. 'நினைவியில் உங்கள் பெயர் இல்லை' என்று நிறுவனங்கள் கூறுவது உண்மை. அது ஆறுதலுக்குரிய உண்மையன்று. விவரம் சேரும் இடம் வழங்கியே.

மூன்றாம் படி சேர்த்தல். ஐந்தருவியில் நீர்வரத்து எப்படி என்று ஒரு செய்தித்தளத்தைத் திறக்கிறார். அங்கும் அதே நிறுவனத்தின் நிரல் பொதிந்துள்ளது. உலாவி நெறிமுறைப்படியே நடந்து, எழுதியவருக்கு எண்ணைத் திருப்பித் தருகிறது. எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுகோள் வந்தது என்பதும் உடன் செல்கிறது. விதி ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. ஆனால் விதியின் நோக்கம் முற்றாகத் தோற்றது. மருத்துவக் குறிப்பு படித்த பக்கமும், கடன் விசாரித்த பக்கமும், சாதி குறிப்பிட்டு வரன் தேடிய பக்கமும் ஓர் எண்ணின் கீழ் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனித்திருந்தால் அற்பம். அவை சேரும்போதுதான் அவர் வீட்டார்கூட அறியாத ஒருவர் உருவாகிறார்.

நான்காம் படி பரிமாற்றம். ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்று படிக்க இயலாது என்பதால், உலாவியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்பியனுப்பித் தத்தம் எண்களைப் பொருத்திக்கொள்கின்றன. இதை நினைவி ஒத்திசைவு என்கிறோம். அதன்மேல் விளம்பர இடத்துக்கான ஏலம், பக்கம் திறந்து முடிவதற்குள் நடந்தேறுகிறது. விளைவு, பழைய குற்றாலத்து விடுதி விளம்பரம் அவர் படிக்கும் சமையல் குறிப்பின் ஓரத்தில் வந்து நிற்பது.

5. காரணங்கள்

இந்நிலை எதிர்பாராமல் நேர்ந்ததா? இல்லை. நினைவிக்கான முதல் நெறிமுறை ஆவணம் 1997 பிப்ரவரியில் வெளியானபோதே, பயனர் அறியாது நிகழும் அயல்தளப் பரிமாற்றத்தில் நினைவியை இயல்பாக அனுமதிக்கலாகாது என்று கூறிற்று. உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. விளம்பரத் தொழில் வளர்ந்தபின் திரும்புதல் அரிதாயிற்று.

பின்னர் தடுத்தவற்றுள், விளம்பர வருவாயில் நேரடிப் பங்கு குறைந்த நிறுவனங்கள் முந்தின. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2019இல் அறியப்பட்ட பின்தொடர் நினைவிகளை இயல்பாகத் தடுத்தது. சஃபாரி உலாவி 2020 மார்ச்சில் அயல்தள நினைவிகள் அனைத்தையும் தடுத்தது. விளம்பரத்தால் வாழும் கூகுள், 2020 ஜனவரியில் இரண்டாண்டுக்குள் அவற்றைக் கைவிடுவதாகக் கூறி, பலமுறை ஒத்திவைத்து, 2024 ஜூலையில் அம்முடிவிலிருந்து விலகியது. ஆதலின் தொழில்நுட்பக் குறைபாடு காரணமன்று. வருவாய் முறையே முதற்காரணம் என்று துணிகிறோம்.

6. மத்தளம்பாறை காட்டிய வழி

2011இல் தென்காசியில் சிறு அலுவலகம் தொடங்கிய ஜோஹோ, பின்னர் மத்தளம்பாறையில் நிலைபெற்றது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019 முதல் அவ்வூரில் வசித்து வருகிறார். 2020இல் அந்நிறுவனம் தன் தளங்களிலிருந்து பிறரின் பின்தொடர் நிரல்களை நீக்கியதாக அறிவித்து, அத்தகைய பொதிவுக்கு 'துணைக் கண்காணிப்பு' என்னும் பொருளில் ஒரு பெயரும் இட்டது. ஒரு வணிகத்தை நம்பி அதன் தளத்துக்கு வருவோரை, அவ்வணிகம் தரும் இடத்திலிருந்து மூன்றாமவர் நோட்டமிடுவது என்பது அதன் வரையறை.

இதில் நாம் மதிப்பது செயல் நிகழ்ந்த படி. நான்கு படிகளுள் முதலாவதான பொதிவிலேயே பின்தொடர்வு அறுக்கப்பட்டது. பயனர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை, எதையும் படிக்க வேண்டியதில்லை. 2023இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'உலா' உலாவி வேறு வகை: குரோமியம் என்னும் திறமூல உலாவி நிரலை அடித்தளமாகக் கொண்டு பயனர் பக்கத்தில் பின்தொடர் நிரல்களைத் தடுப்பது. 2025இல் இந்திய அரசின் உலாவி உருவாக்கப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. பயனுள்ளதே, எனினும் அதை நிறுவியவரை மட்டுமே காக்கும். பொதிவை நீக்குவதோ, வரும் எல்லாரையும் காக்கும்.

ஜோஹோ மென்பொருள் விற்று வாழ்வது; விளம்பரத்தை நம்பியதன்று. ஆகவே இத்துறவு அதற்கு எளிது. மேலும், வருகையாளரைத் தளத்தின் உரிமையாளருக்கே காட்டும் சேல்ஸ்ஐக்யூ போன்ற மென்பொருளை அதுவும் விற்கிறது. அதாவது அங்கும் நினைவு உண்டு. அது தளத்தோடு நிற்க வேண்டும் என்பதே கொள்கை. நாம் வகுத்த தன்தளம், அயல்தளம் என்னும் கோட்டோடு இக்கொள்கை பொருந்துகிறது.

7. நினைவிக்கு அப்பால்

அயல்தள நினைவி முற்றும் ஒழிந்தாலும் பின்தொடர்வு ஒழியாது. திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர வலயம் முதலியவற்றைச் சேர்த்து உலாவியை இனங்காணும் உலாவித் தடப்பதிவுக்கு எதையும் எழுதிவைக்கத் தேவையில்லை. மின்னஞ்சலை இட்டு நுழைந்தவருக்கு அதுவே எண்ணாகிவிடும். பொதிவு தொடரும்வரை கருவிகள் மாறிக்கொண்டிருக்கும்.

8. இசைவும் சட்டமும்

ஐரோப்பிய ஒன்றியம் இசைவைக் கருவியாகக் கொண்டது. முன்பே குறியிட்டு வைத்த கட்டம் இசைவாகாது என்று அதன் நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானட்49 வழக்கில் தீர்த்தது. நம் கருத்தில் அதனினும் ஆழமானது, அதே ஆண்டு ஜூலையில் வந்த ஃபேஷன் ஐடி தீர்ப்பு. ஃபேஸ்புக்கின் 'விருப்பம்' பொத்தானைத் தன் பக்கத்தில் பொதிந்த துணிக்கடைத் தளம், தரவு திரட்டப்பட்டு அந்நிறுவனத்துக்கு அனுப்பப்படும் அளவில் கூட்டுப் பொறுப்பாளி ஆகும் என்று அது கூறிற்று.

இந்தியாவில் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒருமித்து உரைத்தனர். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நினைவி என்னும் சொல் இல்லை. ஆனால் ஒருவரை இனங்காட்டக்கூடிய எத்தரவும் அதன் வரையறைக்குள் அடங்கும். இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அது கட்டாயமாக்குகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

தனித்தோ பிறரோடு சேர்ந்தோ தரவைக் கையாளும் நோக்கத்தையும் வழியையும் தீர்மானிப்பவரைச் சட்டம் பொறுப்பாளி என்கிறது. 'பிறரோடு சேர்ந்து' என்னும் தொடரால் பொதிவு செய்த தளமும் உட்படும் என்பதே நம் துணிபு. இவ்விடத்தில் 17ஆம் பிரிவைக் கருத வேண்டும். தரவின் அளவும் தன்மையும் நோக்கி, சில பொறுப்பாளிகளுக்கு அறிவிப்புக் கடமை முதலியவற்றிலிருந்து விலக்களிக்க அது மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. பத்து அறை கொண்ட குற்றாலத்து விடுதி அத்தகைய விலக்கை எதிர்பார்ப்பது இயல்பு. தன் முன்பதிவுக்கு மட்டும் நினைவி வைத்திருந்தால் விலக்கு தகும். அயல்நிரலைப் பொதிந்திருந்தால் அளவை விடுதியின் அறைகளைக் கொண்டு கணக்கிடுதல் பிழை. அப்பக்கத்தின் வழியே விவரம் சென்று சேரும் நிறுவனத்தின் அளவே கணக்கில் வர வேண்டும். விலக்கு வழங்கும் ஆணைகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் குறித்தாக வேண்டும்.