குப்பைக்குப் போக வேண்டிய தாள்கள் நூலகம் ஏறிய கதை

சிறுவர் புத்தகங்களுக்கு ஆயுள் குறைவு. அட்டை கிழியும், பக்கங்களில் வண்ணப் பென்சில் கிறுக்கல் ஏறும், பிள்ளை வளர்ந்ததும் அது பழைய பத்திரிகைக் கட்டோடு வீட்டைவிட்டுப் போய்விடும். புத்தகத்தின் கதியே இதுவென்றால், அதை எழுதியவர் அடித்துத் திருத்திய தாள்களுக்கும், ஓவியர் வரைந்து ஒதுக்கிய படங்களுக்கும் என்ன மதிப்பு இருக்கும்? அவற்றை யார்தான் தேடுவார்கள்?

தேடினார் ஒருவர். அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி மாநிலம், ஹட்டிஸ்பர்க் நகரில் தென் மிசிசிப்பி பல்கலைக்கழகம் இருக்கிறது. லூயிசியானா மாநிலப் பள்ளி நூலகங்களின் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற லீனா டி கிரமண்ட் அம்மையார், அங்கே நூலகவியல் கற்பிக்க வந்தார். அச்சான புத்தகத்தை மட்டும் காட்டிப் பாடம் நடத்துவதில் அவருக்குத் திருப்தியில்லை. ஒரு கதை எப்படிப் பிறக்கிறது, எத்தனை முறை மாறுகிறது, ஓவியம் எங்கே வந்து சேர்கிறது என்பதை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்று விரும்பினார்.

அதற்கு அவர் கண்ட வழி மிக எளிது. 1966ஆம் ஆண்டு முதல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார். கையெழுத்துப் பிரதி, பென்சில் கோட்டோவியம், பிழை திருத்திய அச்சுத்தாள், பதிப்பாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து என எது இருந்தாலும் அன்பளிப்பாக அனுப்புங்கள் என்பதே வேண்டுகோள். உறைகளும் பெட்டிகளும் வரத் தொடங்கின. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் அத்தொகுப்பில் 1,300க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள், ஓவியர்களின் மூலப் படைப்புகள் உள்ளன. அச்சு நூல்கள் மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். அவற்றில் மிகப் பழையது 1530ஆம் ஆண்டு வெளிவந்த ஈசாப் கதைகள்.

சைக்கிளில் தப்பிய குரங்கு

அந்தக் கடிதங்களில் ஒன்று எச். ஏ. ரே, மார்கரெட் ரே தம்பதியருக்குப் போனது. ‘கியூரியஸ் ஜார்ஜ்’ என்ற குறும்புக் குரங்கைப் படைத்தவர்கள் இவர்கள்தாம். ஜெர்மனியில் பிறந்த யூதர்களான இருவரும் பாரிசில் வாழ்ந்து வந்தனர். 1940 ஜூன் மாதம் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கியபோது, உதிரி பாகங்களைக் கொண்டு தாமே பூட்டிய சைக்கிள்களில் ஏறி நகரைவிட்டு வெளியேறினர். குளிருக்கு உடை, கொஞ்சம் உணவு, கூடவே கதைகளின் கையெழுத்துப் பிரதிகள். ஸ்பெயின், போர்த்துகல், பிரேசில் வழியாக நியூயார்க் போய்ச் சேர்ந்தனர். மறு ஆண்டு, 1941இல், புத்தகம் வெளிவந்தது. 1996இல் மார்கரெட் மறைந்தபின் அவர்களுடைய இலக்கியச் சேமிப்பு ஹட்டிஸ்பர்க்கில் ஒப்படைக்கப்பட்டது. அதை ஆராய்ந்துதான் லூயிஸ் போர்டன் என்ற எழுத்தாளர், அந்தப் பயணத்தின் வரலாற்றை 2005இல் சிறுவர்களுக்கு நூலாகத் தந்தார். தாள்கள் பாதுகாக்கப்படாமல் இருந்திருந்தால் அந்த வரலாற்றை இவ்வளவு விவரமாக எழுதியிருக்க முடியுமா?

செம்பனியுடை அணிந்த சிறுவன்

இத்தொகுப்பின் மற்றொரு பெருமை எஸ்ரா ஜாக் கீட்சின் படைப்புகள். போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதப் பெற்றோருக்குப் பிறந்து, புரூக்ளினில் வளர்ந்தவர் கீட்ஸ். 1940இல் ‘லைஃப்’ இதழில் வந்த ஒரு கறுப்பினச் சிறுவனின் படங்களை வெட்டி எடுத்துப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். மற்றவர்களின் கதைகளுக்குப் படம் வரைந்து வந்த அவருக்கு ஒன்று உறுத்தியது. வந்த கதைகளில் கறுப்பினப் பிள்ளை ஒருவன்கூட நாயகனாக இல்லை. 1962இல் அந்தப் படத்துச் சிறுவனையே பீட்டர் ஆக்கினார். சிவப்பு நிறப் பனியுடையில் பனிக்கட்டியில் விளையாடும் பீட்டரின் கதையான ‘தி ஸ்னோயி டே’ 1963இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது.

அது எவ்வளவு அரிய செயல் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஆராய்ந்தார். ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே! தன் முகத்தை எந்தப் புத்தகத்திலும் காணாத பிள்ளை, புத்தகம் என்பது பிறருக்குரியது என்றுதானே நினைக்கும்?

இங்கேதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய பக்கம் ஒன்றையும் புரட்ட வேண்டியிருக்கிறது. ஹட்டிஸ்பர்க்கில் கோழிப்பண்ணை நடத்திய கிளைட் கெனார்ட் ஒரு கறுப்பினத்தவர். கொரியப் போரில் பணியாற்றிய முன்னாள் ராணுவ வீரர். சிகாகோவில் பாதியில் நின்ற படிப்பைத் தொடர இதே வளாகத்தில் இடம் கேட்டார். தோலின் நிறம் தடையானது. 1959இல் பொய்க் குற்றச்சாட்டில் கைது; மறு ஆண்டு, 25 டாலர் பெறுமான கோழித்தீவனத் திருட்டுக்குத் துணைபோனதாக ஏழாண்டுச் சிறை. சிறையிலேயே புற்றுநோய் முற்றியது. பீட்டர் பதக்கம் வென்ற அதே 1963இல், ஜூலை 4ஆம் தேதி, கெனார்ட் உயிர் துறந்தார். அவர் நிரபராதி என நீதிமன்றம் தீர்த்தது 2006இல்தான்.

1965இல் அப்பல்கலைக்கழகம் முதன்முறையாக இரு கறுப்பின மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு டி கிரமண்ட் கடிதம் எழுதத் தொடங்கினார். 1980இல் அதே பல்கலைக்கழகம் கீட்சுக்குத் தன் பதக்கத்தை அணிவித்தது. 1983இல் அவர் மறைந்த பின்பு, பீட்டரின் படங்களும் அங்கேயே வந்து சேர்ந்தன. கெனார்டுக்கு மறுக்கப்பட்ட வளாகத்தில் பீட்டருக்கு இன்று நிரந்தர இடம் இருக்கிறது.

இதனால் கெனார்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளுக்கு எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்பதற்கு இப்பெட்டிகளே சாட்சி. வரலாற்றாசிரியர்கள் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டுவதுபோல் ஆய்வாளர்கள் இந்தப் படக்கதைகளைப் புரட்டுவது அதற்காகத்தான்.

டி கிரமண்டிடம் இருந்தவை தாளும் தபால்தலையும், கேட்பதற்குத் தயங்காத மனமும்தான். சிறுவர்களுக்குக் கதை எழுதிய ஆசிரியரோ, படம் வரைந்த கலைஞரோ நமக்குத் தெரிந்தவராக இருந்தால், அவருடைய பழைய தாள்கள் எங்கே இருக்கின்றன என்று இந்த வாரமே ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாமே!