தூண்டில் தூரம் போன கதை

தூண்டிலைத் தூரமாக எறிய நல்ல கைபலம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது நண்பர்களே!

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கியது நாட்டிங்ஹாம் ரீல். எறிந்த தூண்டில் நரம்பை இழுக்கும்போது, அதன் உருளையும் சேர்ந்து சுழல வேண்டும். லேசான இரையால் அதைச் சுழற்ற முடியாது, பக்கத்திலேயே விழுந்துவிடும். கனமான இரை கட்டினாலோ, அது வேகம் குறைந்த பிறகும் உருளை சுழன்று நரம்பு சிக்காகிவிடும். விரலால் தடுக்க நீண்ட நாள் பழக்கம் வேண்டும்.

1884இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து பீட்டர் மல்லாக், எறியும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். நரம்பு விளிம்பு வழியாக உருவிப் போனது. ஆனால் முறுக்கு ஏறியது.

1905இல் பிராட்ஃபோர்டு நெசவுத் தொழிலைச் சேர்ந்த ஆல்ஃபிரெட் ஹோல்டன் இல்லிங்வொர்த் உருளையைச் சுழலாமலே நிறுத்திவிட்டார்! ஆலை பாபினிலிருந்து நூல் உருவுவது போல நரம்பு உருவியது. சில கிராம் இரையும் தூரம் போனது. புதிதாகப் பழகுபவருக்கும் நடு ஆற்று மீன் எட்டியது.

இன்றைய ஸ்பின்னிங் ரீல் இதன் வாரிசுதான். ஆகவே உருளையில் நரம்பை விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நிரப்புங்கள். அரைகுறையாக இருந்தால், விளிம்பில் உரசியே வேகம் போய்விடும். தோளை அப்புறம் குறை சொல்லலாம்!