கலிபோர்னியாவின் மாவட்ட நீதிபதிகள்: தேர்தலும் நியமனமும்

முன்னுரை

மக்களாட்சியில் நீதிபதியை அமர்த்தும் அதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. இந்திய அரசியலமைப்பின் 233ஆம் பிரிவு, மாவட்ட நீதிபதிகளை உயர்நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்க வழிசெய்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அவ்வதிகாரம் வாக்காளருக்கு உரியது. எனினும், சட்டம் கூறும் தேர்தலும் நடைமுறையும் ஒன்றல்ல என்பதைக் கலிபோர்னியாவின் மாவட்ட விசாரணை நீதிமன்றங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தேர்தல் முறையின் தோற்றம்

அமெரிக்க விடுதலையை அடுத்த காலத்தில் மாநில நீதிபதிகளைப் பெரும்பாலும் ஆளுநர்களோ சட்டமன்றங்களோ அமர்த்தினர். 1832இல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்க வகைசெய்தது. 1846இல் நியூயார்க்கும் தேர்தல் முறையை மேற்கொண்டது. நியமனங்கள் கட்சியாளருக்குரிய பரிசுகளாகிவிட்டன என்னும் குறையும், சட்டமன்றத்தைச் சாராத நீதித்துறை வேண்டும் என்னும் கருத்தும் இம்மாற்றத்துக்குக் காரணங்களாயின. அதாவது, நீதிபதியின் சார்பின்மையைக் காக்கும் வழியாகவும் தேர்தல் கருதப்பட்டது.

1849இல் இயற்றப்பட்ட கலிபோர்னியாவின் முதல் அரசியலமைப்பும் தேர்தலையே ஏற்றது. 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ‘கவுண்டி’ எனப்படும் மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘சுப்பீரியர்’ நீதிமன்றத்தை அமைத்தது. பெயரால் மேல்நிலை எனத் தோன்றினும் இது விசாரணை நீதிமன்றமே. 1911இல் நீதிபதித் தேர்தல் கட்சிச் சார்பற்றதாக்கப்பட்டது. 1998இல் வாக்காளர் ஏற்ற திருத்தத்தைத் தொடர்ந்து முனிசிபல் நீதிமன்றங்கள் இவற்றோடு இணைக்கப்பட்டன; 2001இல் 58 மாவட்டங்களிலும் இவ்விணைப்பு நிறைவுற்றது.

சட்டமும் நடைமுறையும்

சுப்பீரியர் நீதிபதியின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். அப்பதவிக்கு வருபவர் 10 ஆண்டுகள் மாநில வழக்கறிஞர் மன்ற உறுப்பினராகவோ நீதிபதியாகவோ இருந்திருத்தல் வேண்டும். இடையே காலியாகும் இடத்தை ஆளுநர் நிரப்புவார். நீதிபதிகள் பலர் பதவிக்காலத்தின் இடையிலேயே விலகுவதால், பெரும்பாலோர் நியமனத்தின் வழியே பதவிக்கு வருகின்றனர். ஆளுநர் கருதும் பெயர்களை வழக்கறிஞர் மன்றத்தின் மதிப்பீட்டு ஆணையம் ஆராய வேண்டும் என 1979இல் சட்டம் விதித்தது. ஆயினும் ஆணையத்தின் கருத்து ஆளுநரைக் கட்டுப்படுத்தாது. நியமனம் பெற்றவர் பின்னர்த் தேர்தலைச் சந்திக்க வேண்டும். ஆனால், பதவியிலிருப்பவரை எதிர்த்து எவரும் நிற்காவிடின் பொதுவாக அவர் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெறுவதில்லை. அவர் வென்றவராகவே கொள்ளப்படுகிறார்.

மக்களின் அதிகாரம் வெளிப்பட்ட தருணமும் உண்டு. 2016இல் பாலியல் வன்முறை வழக்கொன்றில் சாண்டா கிளாரா மாவட்ட நீதிபதி ஆரன் பெர்ஸ்கி 6 மாதச் சிறைத்தண்டனை விதித்தார். தண்டனை மிகக் குறைவு எனக் கண்டனம் எழுந்தது. நீதிபதிகளின் நடத்தையை ஆராயும் மாநில ஆணையம் அவரிடம் முறைகேடு காணவில்லை. எனினும், 2018 ஜூன் வாக்கெடுப்பில் மக்கள் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தனர். 1932க்குப் பின் கலிபோர்னியாவில் நீதிபதி ஒருவர் இவ்வாறு நீக்கப்பட்டது அதுவே முதன்முறை.

முடிவுரை

தமிழில் ‘தேர்’ என்னும் வினையடி ஆராய்தலையும் தெரிந்தெடுத்தலையும் ஒருங்கே சுட்டும். கலிபோர்னிய நடைமுறையில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன. ஆராய்தல் ஆணையத்திடமும் ஆளுநரிடமும் உள்ளது. தெரிந்தெடுக்கும் உரிமை பெற்ற வாக்காளரோ பெரும்பாலும் அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பையே பெறுவதில்லை. அவர்களது குரல் சினத்தின்போது மட்டுமே வலுவாக ஒலிக்குமாயின், சார்பின்மைக்காகத் தோன்றிய தேர்தலே நீதிபதியின் அச்சத்துக்குக் காரணமாகலாம். ஆகவே, ஒரு முறையைத் தேர்தல் என்றோ நியமனம் என்றோ பெயரளவில் வகைப்படுத்துவது போதாது. ஆராய்பவர் யார், விலக்குபவர் யார் என்பவற்றையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.