ஹங் துவாவால் ஏற முடியாத மலை

நேற்று பேத்தியோடு 'புத்திரி குனோங் லேடாங்' படத்தை மறுபடியும் பார்த்தேன். 2004இல் தியேட்டரில் பார்த்தபோது, நம் நாட்டில் எடுத்த படமா இது என்று வாயைப் பிளந்தவன் நான். எம். நாசிரின் ஹங் துவா, தியாரா ஜாக்குலினாவின் மஜாபாஹிட் இளவரசி, அந்த உடைகள்... இன்றும் அழகுதான்.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, ஹங் துவா நிஜமாவே அவங்கள லவ் பண்ணாரா?"

இல்லையம்மா. 'செஜாரா மெலாயு'வில் அந்தக் காதலே கிடையாது. சுல்தான் மாமுட் ஷாவுக்குப் பெண் கேட்கப் போனவர்களில் ஹங் துவா உண்டு. ஆனால் அப்போது அவர் கிழவர். மலையேற முடியாமல் தங்கிவிடுகிறார். உச்சிக்குப் போவது துன் மாமாட். முட்டி வலியோடு மாடிப்படி ஏறும் எனக்கு இந்தக் கிழ ஹங் துவாவைத்தான் அதிகம் பிடிக்கிறது!

தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு கொசு இதயம், கடைசியில் சுல்தான் மகனின் ரத்தம் ஒரு கிண்ணம். இளவரசியின் இந்த நிபந்தனைகள் நூலிலும் உண்டு. படத்தில் சுல்தான் மகன் மேல் கெரிஸை ஓங்குகிறார். நூலில், அது மட்டும் என்னால் ஆகாது என்று விட்டுவிடுகிறார்.

அதே சுல்தான்தான் 1510இல் பொய்ப் புகாரை நம்பி, தமிழ் முஸ்லிம் வழிவந்த பெண்டஹாரா துன் முத்தாஹிரைக் குடும்பத்தோடு கொன்றார். துறைமுகத்தில் நம்மவர் இருவருக்குள் இருந்த வழக்கில் கிளம்பிய பொய் அது. மறு வருடம் மலாக்கா போர்த்துகீசியர் கைக்குப் போனது.

இதை யாராவது படமாக எடுங்களேன். முதல் டிக்கெட் எனக்கும் பேத்திக்கும்.